கடைசி ஏட்டில் ஒரு கழுத்து

ஜனவரி மாதக் காலைப்பொழுது ஒன்றில், ஹைதராபாத்திலுள்ள பல்கலைக்கழக விடுதி ஒன்றில், ஆய்வு மாணவி ஒருவரை அவருடைய அறைத்தோழி பெயர் சொல்லி அழைத்தார். மாணவி திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை என்பதே சரி. கழுத்து அசைய மறுத்துவிட்டது. தோளும் இடுப்பும் சேர்ந்து, கீலில் சுழலும் கதவைப் போல உடல் முழுவதும் திரும்பிய பிறகே தோழியின் முகம் கண்ணில் பட்டது. முந்தைய இரவு 11 மணிக்குத் தொடங்கிய வேலை 3 மணிக்குத்தான் முடிந்திருந்தது. அந்த நான்கு மணி நேரத்தில் அவர் இடத்தை விட்டு எழுந்தது ஒரே ஒரு முறை, தண்ணீர்ப் புட்டியை நிரப்புவதற்காக.

அவர் மொழியியல் துறையில் முனைவர் பட்ட ஆய்வின் நான்காம் ஆண்டில் இருந்தார். ஆதிலாபாத் பகுதியில் பேசப்படும் கோலாமி மொழியின் வினைவடிவங்களே ஆய்வுப் பொருள். களப்பணியின்போது சேகரித்த ஒலிப்பதிவுகளைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒலிக்குறியீட்டில் எழுதி, உருபன்களைப் பிரித்துக் காட்டி, பொருள் எழுதி முடிக்க வேண்டும். இதற்கென நெதர்லாந்தின் நைமேகன் நகரில் இருக்கும் மாக்ஸ் பிளாங்க் உளமொழியியல் நிறுவனம் உருவாக்கிய ஈலான் மென்பொருள் இருக்கிறது. ஒலியலையின் நிறமாலையைப் பார்ப்பதற்கு ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் பால் பூர்ஸ்மாவும் டேவிட் வீனிங்கும் உருவாக்கிய பிராட் இருக்கிறது. இரண்டும் இலவசம். இலவசமாகக் கிடைக்காதது அவற்றின் முன் அமரும் நேரம்தான். ஒரு மணி நேரப் பேச்சை இவ்வாறு எழுதி முடிக்கப் பல பத்து மணி நேரம் செலவாகும் என்பது இத்துறையில் இருப்போர் யாவரும் அறிந்த செய்தி. இரண்டு நொடிப் பேச்சைப் பத்து முறை கேட்டு, அது குறிலா நெடிலா என்று முடிவு செய்யும் வேலை அது. காது கூர்மையாகும்போது தலையும் தன்னையறியாமல் முன்னே நீள்கிறது. காதில் மாட்டிய கருவி எங்கே சென்றாலும் ஒலி ஒன்றுதான் என்பதை அறிவு அறியும்; கழுத்து அறியாது.

அன்று காலை விடுதியில் அவருடைய நிலைக்கு உடனே ஒரு பெயர் கிடைத்தது. பக்கத்து அறையிலிருந்த பீகார் மாணவி எட்டிப் பார்த்து, "சர்வைகல் ஆகிவிட்டது" என்று இந்தியில் தீர்ப்பளித்தார். மொழியியல் மாணவிக்கு அந்த வலியிலும் ஒரு வியப்பு. லத்தீனத்தில் கழுத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்து, ஆங்கிலத்தில் 'கழுத்து சார்ந்த' என்று மட்டுமே பொருள்படும் ஒரு பெயரடை, இந்தியாவின் தெருக்களில் நடந்து நடந்து ஒரு நோயின் பெயராகவே ஆகிவிட்டது. சர்வைகல் வரும், சர்வைகல் போகும், மாமியாருக்கு சர்வைகல் இருக்கும். எந்தக் கழுத்தில் என்ன கோளாறு என்று யாரும் கேட்பதில்லை. பெயர் வைத்தவுடன் ஆராய்ச்சி முடிந்துவிடுகிறது.

தாயாரிடம் தொலைபேசியில் சொன்னபோது வேறொரு விளக்கம் கிடைத்தது. "எப்பப் பாரு அந்தப் பொட்டியவே குனிஞ்சு பாத்துக்கிட்டு இருந்தா வேற என்ன கண்ணு ஆகும்? தலகாணிய மாத்து. தைலம் தேச்சு ஒத்தடம் குடு." கொங்கு நாட்டு வீட்டிலிருந்து வந்த இந்த மூன்று வாக்கியங்களில் முதலாவதே நோயின் காரணத்துக்கு மிக அருகில் இருந்தது. ஆனால் அறிவுரையாக அவர் எடுத்துக்கொண்டவை பின்னிரண்டை மட்டுமே. தலையணை மாறியது, தைலமும் தேய்க்கப்பட்டது. பிடிப்பு நான்கு நாளில் இளகியது. ஐந்தாம் நாள் இரவு 11 மணிக்கு மடிக்கணினி மீண்டும் கட்டிலின் மேல், தலையணையின் மேல் ஏறியது. மூன்று வாரங்களில் பிடிப்பு திரும்பி வந்தது. இம்முறை வலி வலப்பக்கத் தோள்பட்டையின் உள்விளிம்பு வரை இறங்கியிருந்தது.

இரண்டாம் முறை அவர் இயன்முறை மருத்துவரிடம் சென்றார். ஐம்பது வயதைத் தாண்டிய அந்த அம்மையார் முதலில் கைகளின் வலிமையையும், விரல்களில் மரமரப்பு உண்டா என்பதையும் சோதித்தார். பிறகு, "எழுதும்போது எப்படி உட்காருவாய் அம்மா? இங்கேயே செய்து காட்டு" என்றார் தெலுங்கில். மாணவி பையிலிருந்து மடிக்கணினியை எடுத்தார். சோதனைக் கட்டிலில் சம்மணமிட்டு, தலையணையை மடியில் வைத்து, அதன் மேல் கணினியைத் திறந்தார். மருத்துவர் அவருடைய கைப்பேசியை வாங்கிப் பக்கவாட்டிலிருந்து ஒரு படம் எடுத்துத் திருப்பிக் கொடுத்தார். படத்தில் முதுகு ஒரு வில்லாக வளைந்திருந்தது. காது, தோளுக்கு ஒரு சாண் முன்னால் இருந்தது. முகவாய் மார்பைத் தொடவில்லை, அவ்வளவுதான்.

அந்தப் படத்தை விளக்குவதற்கு எளிய கணக்கு ஒன்று போதும். வளர்ந்த மனிதரின் தலை ஏறத்தாழ 5 கிலோ எடை கொண்டது. அதைத் தாங்குவது ஏழு எலும்புகளாலான ஒரு சிறு தண்டு. தலை தோளுக்கு நேர் மேலே இருக்கும்போது எடையின் பெரும்பகுதியை எலும்பே ஏற்றுக்கொள்கிறது. தலை முன்னே சாயும்போது, அது கீழே விழாமல் பின்னிருந்து இழுத்துப் பிடிக்கும் வேலை பிடரித் தசைகளுக்கு வருகிறது. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் அணைத்து நடப்பவருக்கும், அதே குடத்தைக் கையை நீட்டி ஏந்தி நிற்பவருக்கும் உள்ள வேறுபாடு இதுதான். குடம் மாறவில்லை; தூரம் மாறிவிட்டது. 2014இல் நியூயார்க்கைச் சேர்ந்த முதுகெலும்பு அறுவை மருத்துவர் கென்னத் ஹன்ஸ்ராஜ் வெளியிட்ட கணக்கீடு ஒன்று பலமுறை எடுத்துக்காட்டப்படுவது. தலை 15 பாகை குனிந்தால் கழுத்தின் மேல் விழும் சுமை 12 கிலோ அளவுக்கும், 30 பாகையில் 18 கிலோ அளவுக்கும், 60 பாகையில் 27 கிலோ அளவுக்கும் உயர்வதாக அது கூறியது. அது கணினி மாதிரியில் போட்ட கணக்கு. உயிருள்ள கழுத்துகளில் அளந்து கண்டதன்று. குனிகிறவர் எல்லாருக்கும் வலி வருவதில்லை. நிமிர்ந்திருப்பவர் எல்லாரும் தப்பிவிடுவதும் இல்லை. ஆனால் சுமை எந்தத் திசையில் கூடுகிறது என்பதில் ஐயமில்லை. தமிழில் தலைக்கனம் என்ற சொல்லை ஆணவத்துக்கு ஒதுக்கிவிட்டோம். அடக்கமாகக் குனிந்து எழுதுகிறவருக்கே தலையின் கனம் மிகுதி.

மருத்துவர் சொன்ன அடுத்த செய்திதான் மாணவியைச் சிந்திக்க வைத்தது. நேராக உட்கார் என்று அவர் சொல்லவில்லை. மடிக்கணினியை வைத்துக்கொண்டு எவராலும் நெடுநேரம் நேராக உட்கார முடியாது என்றார்.

அதன் காரணம் கருவியின் அமைப்பிலேயே இருக்கிறது. திரை கண் மட்டத்தில் இருக்க வேண்டும்; விசைப்பலகை முழங்கை மட்டத்தில் இருக்க வேண்டும். மனித உடலில் இவ்விரு மட்டங்களுக்கும் இடையே ஒரு முழத்துக்கு மேல் இடைவெளி உண்டு. மடிக்கணினியிலோ இரண்டும் ஒரே கீலில் பிணைக்கப்பட்டிருக்கின்றன. கைக்கு வசதியாக வைத்தால் கழுத்து குனியும். கண்ணுக்கு வசதியாக உயர்த்தினால் தோள்கள் தூக்கிக்கொண்டு நிற்கும். இது எப்போதும் இப்படி இருந்ததன்று. 1981இல் வெளிவந்த ஆஸ்போர்ன் 1 என்னும் தூக்கிச் செல்லத்தக்க கணினியில் பெட்டியின் மூடியே விசைப்பலகை; கழற்றித் தனியே வைத்து எழுதலாம். மறு ஆண்டு வந்த கிரிட் காம்பஸ், பிரித்தானிய வடிவமைப்பாளர் பில் மாக்ரிட்ஜின் கைவண்ணத்தில், சிப்பியைப் போல மடியும் உருவத்தைக் கொண்டுவந்தது. பைக்குள் அடங்கும் அழகு அதற்கு இருந்தது. உலகம் அதையே ஏற்றுக்கொண்டது. ஐரோப்பிய சமூகம் 1990இல் திரைக் கருவிப் பணிக்கென இயற்றிய நெறிமுறையில், விசைப்பலகை திரையிலிருந்து பிரிந்திருக்க வேண்டும் என்று தெளிவாகவே எழுதிவைத்தது. இன்று ஆய்வு மாணவர் கையில் இருப்பதோ பிரியாத கருவி; அதைக் கொண்டு ஐந்து ஆண்டுகள் எழுத வேண்டும். குனிந்து அமர்ந்ததற்காகத் தன்னைத் தானே நொந்துகொள்ளும் மாணவருக்கு இந்தச் சிறு வரலாறு ஓர் ஆறுதல். குற்றம் முழுவதும் அவருடைய ஒழுங்கின்மையில் இல்லை.

ஆகவே தீர்வின் முதல் பாதி, பிணைந்ததைப் பிரிப்பது. மாணவி அன்று மாலையே சில நூறு ரூபாய்க்குக் கம்பியுள்ள விசைப்பலகை ஒன்றையும், சுட்டி ஒன்றையும் வாங்கினார். தாங்கி வாங்கவில்லை. அறையில் இருந்த இரண்டு தடித்த அகராதிகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, அவற்றின் மேல் மடிக்கணினியை வைத்தார். நிமிர்ந்து நேரே நோக்கும்போது திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்திலோ அதற்குச் சற்றுத் தாழவோ இருக்க வேண்டும் என்பது விதி. அகராதிகள் போதவில்லை, விடுதி உணவகத்திலிருந்து வந்த ஒரு பழைய அட்டைப்பெட்டி குறையை நிரப்பியது. திரை கை நீட்டினால் விரல் தொடும் தூரத்தில் இருந்தது. அத்தூரத்தில் எழுத்து சிறிதாகத் தெரிந்ததால், முகத்தைத் திரைக்குக் கொண்டுசெல்வதற்குப் பதிலாக எழுத்தை 140 விழுக்காட்டுக்குப் பெரிதாக்கினார். மேசை அவருடைய உயரத்துக்குச் சற்று மிகுதி. முழங்கை விசைப்பலகையின் மட்டத்துக்கு வரும்படி நாற்காலியில் ஒரு கம்பளியை மடித்துப் போட்டார். அப்போது கால் தரையில் எட்டவில்லை. ஒரு செங்கல் அந்த இடத்துக்கு வந்தது. புதிதாக வாங்கிய இரண்டு பொருள்களைத் தவிர மற்ற எல்லாம் அறையிலும் விடுதி வளாகத்திலும் கிடந்தவை.

இதற்குப் பிறகும் தலை குனிந்தது. ஏன் என்று கவனித்தபோது இரண்டு காரணங்கள் தெரிந்தன. முதலாவது, தமிழில் குறிப்பெழுதும்போது அவர் விசைகளைத் தேடிக்கொண்டிருந்தார். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டித் தமிழ்நாட்டரசு ஏற்ற தமிழ்99 அமைப்பில், உயிரெழுத்துகள் இடக்கைக்கும் மெய்கள் வலக்கைக்குமாக ஒழுங்காகப் பிரிக்கப்பட்டுள்ளன. ஆனால் கடையில் வாங்கும் விசைப்பலகையில் அந்த எழுத்துகள் அச்சிடப்பட்டிருப்பதில்லை. பாதி மனப்பாடமாக எழுதுகிறவர் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு முறை கீழே பார்க்கிறார், மேலே பார்க்கிறார், தவறைக் கண்டு மீண்டும் கீழே பார்க்கிறார். ஒரு பக்கம் எழுதுவதற்குள் கழுத்து நூற்றுக்கணக்கான முறை தலையாட்டிவிடுகிறது. நாளொன்றுக்குக் கால் மணி நேரம் என்று ஒரு மாதம் பழகியதில் விரல்கள் இடம் அறிந்துகொண்டன. பார்க்காமல் எழுதப் பழகுவது வேகத்துக்காக என்றே பலரும் நினைக்கிறார்கள். கழுத்துக்கும் அது மருந்து.

இரண்டாவது காரணம் மேசையின் மேல் விரித்துக் கிடந்த களக்குறிப்பேடு. குறிப்பேட்டைப் பார்த்துத் திரையில் எழுதுகிறவர் ஒவ்வொரு வரிக்கும் குனிந்து பக்கவாட்டில் திரும்ப வேண்டும். அதற்குத் தாங்கி வேண்டும்; தாங்கியை வைக்கச் சரியான இடம் விசைப்பலகைக்கும் திரைக்கும் இடையே, நடுக்கோட்டில். இங்கே இந்திய மரபுக்கு எதையும் கற்றுத்தர வேண்டியதில்லை. நூலை விரித்து வைத்துப் படிக்கும் வியாசபீடம் பல வீடுகளில் இருந்தது. திருக்குர்ஆனை வைத்து ஓதும் மடக்குத்தாங்கி இன்றும் பள்ளிவாசல்தோறும் இருக்கிறது. கணக்கெழுதுவோர் தரையில் அமர்ந்து பயன்படுத்திய சாய்வான மரப்பெட்டியும் அதே எண்ணத்தில் பிறந்ததுதான். படிப்பவர் நூலுக்குத் தாழ்வதைக் காட்டிலும் நூல் படிப்பவருக்கு உயர்வது நல்லது என்று அவற்றைச் செய்த தச்சர்கள் அறிந்திருந்தார்கள். மாணவியின் மேசைக்குச் சார்மினார் அருகே வாங்கிய மடக்குத்தாங்கி ஒன்று வந்து சேர்ந்தது.

இவ்வளவும் தீர்வின் ஒரு பாதி. மறுபாதி, அசைவின்மையை உடைப்பது. எவ்வளவு சரியான நிலையில் அமர்ந்தாலும், அதே நிலையில் இரண்டு மணி நேரம் அமர்ந்தால் தசை களைத்துப் போகும். இடைவிடாமல் சுருங்கி நிற்கும் தசைக்குள் ரத்த ஓட்டம் குறைகிறது. அசைவுதான் அதை மீட்டுத் தருகிறது. தொழில் நோய்களைப் பற்றி 1700இல் முதன்முதலாக விரிவான நூல் எழுதிய இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ரமாட்சினி, பின்னர் அதன் விரிவாக்கப் பதிப்பில் எழுத்தர்களையும் சேர்த்துக்கொண்டார். அவர்களுடைய துன்பத்துக்கு மூன்று காரணங்களைக் கண்டார்: ஓயாத அமர்வு, கையின் ஒரே மாதிரியான அசைவு, தவறு நேர்ந்துவிடக் கூடாதே என்ற மனத்தின் இறுக்கம். மூன்று நூற்றாண்டுகள் கழித்து அந்தப் பட்டியலிலிருந்து நீக்குவதற்கு ஒன்றுமில்லை. மூன்றாவது காரணம் ஆய்வு மாணவருக்கென்றே எழுதியது போலிருக்கிறது. அத்தியாயத்தை அனுப்ப வேண்டிய நாள் நெருங்கும்போது தோள்கள் காதை நோக்கி ஏறுவதை எவரும் தம் உடலில் பார்க்கலாம்.

ஈலானில் ஒரு வசதி இருந்தது. பேச்சைப் பிரிக்கும் வேலையையும், பிரித்ததை எழுதும் வேலையையும் தனித்தனியே செய்யலாம். மாணவி அதைத் தமக்குச் சாதகமாக்கினார். முப்பது துண்டுகளை எழுதி முடித்ததும் எழுந்துவிடுவது என்று ஒரு கணக்கு. அது ஏறத்தாழ அரை மணி நேரம். கடிகாரம் அடித்தால் இன்னும் ஐந்து நிமிடம் என்று தள்ளிப்போடத் தோன்றும். வேலையின் கூறுகளையே அளவாக்கினால் அந்தத் தயக்கம் எழுவதில்லை. எழுந்தவுடன் தாழ்வாரத்தின் கோடி வரை ஒரு நடை. கேட்டு மட்டும் சரிபார்க்க வேண்டிய பதிவுகளை நின்றுகொண்டோ நடந்துகொண்டோ கேட்பது. முதல் வரைவை அவ்வப்போது கைப்பேசியில் பேசிப் பதிவது. இப்போது தமிழ்ப் பேச்சையும் எழுத்தாக்கும் வசதி இருப்பதால் பிழை திருத்தும் வேலை மட்டுமே எஞ்சுகிறது.

பயிற்சிகளும் இருந்தன, எண்ணிக்கையில் சிலவே. முகவாயைத் தாழ்த்தாமல், தலையை மட்டும் பின்னோக்கி இழுத்து ஐந்து நொடி நிறுத்துவது. தோள்பட்டை எலும்புகள் இரண்டையும் பின்னால் நெருக்குவது. தலையை மெல்ல இடமும் வலமும் திருப்புவது. இவற்றோடு, ரப்பர் பட்டையைக் காலடியில் மிதித்து இரு கைகளாலும் பக்கவாட்டில் தோள் மட்டம் வரை உயர்த்துவது. கடைசிப் பயிற்சிக்கு நல்ல சான்று உண்டு. 2011இல் டென்மார்க் ஆய்வாளர்கள், கழுத்திலும் தோளிலும் அடிக்கடி வலி கொண்ட 198 பேரைக் கொண்டு பத்து வாரச் சோதனை ஒன்றை நடத்தினார்கள். நாளொன்றுக்கு 2 நிமிடம் இவ்வாறு பயின்றவர்களுக்கும் 12 நிமிடம் பயின்றவர்களுக்கும் வலி குறைந்தது. இரு பிரிவினரும் பெற்ற பயன் ஏறக்குறைய ஒன்றே. 2 நிமிடம் இல்லை என்று சொல்ல எந்த ஆய்வு மாணவராலும் முடியாது.

செய்யக் கூடாதவை என்றும் சில உண்டு. முடிதிருத்தும் கடைகளில் தலையைப் பிடித்துச் சொடுக்கெடுத்துவிடும் வழக்கம் நாடெங்கும் இருக்கிறது. கழுத்தின் வழியே மூளைக்குச் செல்லும் தமனிகள் அத்தகைய திடீர் முறுக்கலில் கிழிந்து பக்கவாதம் நேர்ந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. கழுத்துப்பட்டையை மருத்துவர் சொல்லாமல் மாதக்கணக்கில் அணிந்தால், தாங்க வேண்டிய தசைகளே தளர்ந்துவிடும். எக்ஸ்ரே படத்தில் தேய்மானம் என்ற சொல்லைக் கண்டு மருள வேண்டியதும் இல்லை. வலியே இல்லாத பலருடைய படத்திலும் அது தென்படும். ஆனால் கை மரத்துப்போதல், பிடியில் வலிமை குறைதல், சட்டைப் பொத்தானைப் போடுவதில் தடுமாற்றம், நடையில் தள்ளாட்டம், சிறுநீர் அடங்காமை, காய்ச்சலோடு கூடிய கழுத்து விறைப்பு, விபத்துக்குப் பின் வந்த வலி ஆகியவற்றில் எது தோன்றினாலும் தைலத்தை மூடிவைத்துவிட்டு உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

மாணவிக்கு வலி ஒரே நாளில் மறையவில்லை. முதல் இரண்டு வாரங்களில் புதிய அமர்வுநிலையே அயர்ச்சியைத் தந்தது. ஆறாவது வாரத்தில், சாலையைக் கடக்கும்போது வண்டி வருகிறதா என்று கழுத்தை மட்டும் திருப்பிப் பார்த்ததை அவர் பாதி சாலையில் உணர்ந்தார்.

அதற்கு முன் ஒரு கடினமான நாள் இருந்தது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிகளின்படி முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது 3 ஆண்டுகள், பொதுவாக அதிகபட்சம் 6 ஆண்டுகள். உதவித்தொகை அதற்கும் முன்பே நின்றுவிடும். ஆறு வாரம் மெதுவாக எழுதப் போகிறேன் என்று நெறியாளரிடம் சொல்வதற்கு அவர் நாள் பார்த்துக்கொண்டே இருந்தார். கழுத்துவலி என்பது சாக்குப்போக்கின் ஒலியை உடையது. எலும்பு முறிந்தால் மாவுக்கட்டு தெரியும். கழுத்துப் பிடிப்பு கண்ணுக்குத் தெரியாது. ஒருநாள் அறைக்குள் சென்று சொன்னார். ஓய்வுபெற இரண்டு ஆண்டே இருந்த நெறியாளர், மறுமொழி சொல்லாமல் தம் திரையைப் பக்கவாட்டில் திருப்பிக் காட்டினார். இரு குவியக் கண்ணாடி அணிந்தவர் அவர்; கண்ணாடியின் கீழ்ப்பகுதி வழியே திரையைப் படிக்க ஒவ்வொரு முறையும் முகவாயை மேலே தூக்க வேண்டியிருந்தது. "எனக்கு இது பின்புறமாக நடக்கிறது, அம்மா. பதினைந்து வருடம். யாரிடமும் சொன்னதில்லை" என்றார். இரு குவியக் கண்ணாடி அணிவோர் திரையைச் சற்றுத் தாழ்த்திப் பின்சாய்த்து வைக்க வேண்டும் என்று இயன்முறை மருத்துவர் சொன்னதை மாணவி அவரிடம் சொன்னார். திரைக்குக் கீழே பதினைந்து ஆண்டுகளாக இருந்த மரக்கட்டை அன்று அகற்றப்பட்டது.

வலியை மறைக்கும் இந்த வழக்கம் பழையதன்று. வடமொழிச் சுவடிகள் பலவற்றின் இறுதி ஏட்டில், படி எடுத்தவர் எழுதிவைக்கும் குறிப்பு ஒன்று உண்டு. நூலாசிரியரின் பெயர், நாள், ஊர் ஆகியவற்றோடு, முதுகும் இடுப்பும் கழுத்தும் ஒடிய, கண் நிலைகுத்த, முகம் கவிழ்ந்து இவ்வளவு வருந்தி எழுதப்பட்ட நூல் இது, ஆகவே பேணிக் காக்க வேண்டும் என்று அவர் வேண்டிக்கொள்வார். ஊர்கள் தாண்டி, நூற்றாண்டுகள் தாண்டி, இந்த வேண்டுகோள் சிறு மாற்றங்களோடு ஏட்டுக்கு ஏடு தொடர்ந்தது. நூலைக் காக்கச் சொல்வதற்கு அவர்கள் காட்டிய காரணம் அதன் பெருமையோ புண்ணியமோ மட்டுமன்று. அதை எழுதிய கழுத்து. இன்றைய ஆய்வேட்டின் நன்றியுரையில் நெறியாளர், நூலகர், நண்பர்கள், பெற்றோர், களத்தில் பேசித் தந்த மக்கள் என எல்லாரும் வருவார்கள். எழுதிய உடல் வருவதில்லை. பதிவில் இல்லாத உழைப்புக்கு விதியும் இல்லை, நிதியும் இல்லை.

அந்த எண்ணத்தின் விளைவாக, துறைக்கு ஒரு விண்ணப்பம் சென்றது. பதினொரு ஆய்வு மாணவர்கள் கையெழுத்திட்டார்கள். துறையின் படிப்பறையில் பத்து விசைப்பலகைகளும் பத்துத் தாங்கிகளும் வேண்டும் என்பதே கோரிக்கை. கோப்பு மூன்று மாதம் நகர்ந்தது. வந்தவை நான்கு விசைப்பலகைகள். தாங்கி ஒன்றும் வரவில்லை. அலமாரியின் கீழ்த்தட்டில் யாரும் கேட்காத பழைய ஆண்டுமலர்கள் கட்டுக்கட்டாக இருந்தன. நூலகப் பொறுப்பாளர் அவற்றில் எட்டுக் கட்டுகளை எடுத்து மேசைகளின் மேல் வைக்க இசைவு தந்தார்.

விசைப்பலகைகளைக் கொடுத்து வாங்குவதற்கு ஒரு பேரேடு போடப்பட்டது. பெயர், எடுத்த நேரம், திருப்பிய நேரம் என்று மூன்று கட்டங்கள். முதல் வாரத்தில் ஒரே மாணவர் காலை 9 மணிக்கு எடுத்து இரவு 9 மணிக்குத் திருப்பியதாக ஐந்து நாளும் எழுதியிருந்தார். பொறுப்பாளர் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, அளவுகோலை வைத்து நான்காவதாக ஒரு கோடு இழுத்தார். தலைப்பில் தம் கையால், 'இடையில் எழுந்த நேரம்' என்று எழுதினார்.